மன்னருக்கு வயது இரண்டு

முன்னொரு காலத்தில் என்று ஆரம்பித்தால், எந்த வருடம் என்று கேட்பீர்கள். கேட்காதீர்கள். அப்படிக் கேட்கப்போய்த்தான், பாவம், ஒரு கல்தச்சனின் கட்டைவிரல் போக இருந்தது.

ஒரு துறைமுக நாட்டில் புதிய கலங்கரை விளக்கம் எழுந்தது. கல்வெட்டுக்கு வாசகம் எழுதிக் கொடுத்தவன் அரசவை விகடகவி சேந்தன். 'கலி மூவாயிரத்து இருநூற்று இருபது' என்று அவன் எழுதியபடியே பொறித்தான் கல்தச்சன் அந்துவன்.

சேந்தனைக் கண்டாலே வயிறு எரியும் அமைச்சர் மாறநம்பிக்கு இது போதாதா? மன்னரிடம் ஓடினார்.

"அரசே, தாங்கள் முடிசூடி இது இரண்டாம் ஆண்டு. அதை விட்டு வேறு கணக்கைப் பொறிப்பது தங்களையே இல்லை என்பதாகும்."

மன்னருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நாம் முடிசூடிய நாளில்தான் காலம் பிறந்தது. அதற்கு முன் காலமே இல்லை. மாற்றிச் சொல்பவனின் கட்டைவிரல் போகும். முதலில் பொறித்த கை. நாளைக் காலை அந்துவனை இழுத்து வாருங்கள்."

காலையில் அந்துவனைக் கொண்டுவந்து அவையில் நிறுத்தினார்கள். சேந்தனோ ஒரு நடைவண்டியை உருட்டிக்கொண்டு அவைக்குள் வந்தான்.

"என்ன இது?" என்றார் மன்னர்.

"தங்களுக்குத்தான், அரசே. காலம் பிறந்தே இரண்டு ஆண்டு என்றால், தங்களுக்கு அதற்கு மேல் வயதிருக்க வழியில்லை. சிம்மாசனத்திலிருந்து இறங்கும்போது விழுந்துவிடக் கூடாதே. தீர்ப்பை மட்டும் தாங்கள் வளர்ந்த பிறகு சொன்னால் போதும்."

அவையில் எல்லோரும் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். மன்னருக்குக் கோபம் பாதி போய், ஆவல் வந்தது.

"சரி, நீயே சொல். கலிக் கணக்கு ஒன்று. சகர் கணக்கில் இது நாற்பத்தொன்று. யவன மாலுமி, தன் ஊர் பிறந்து எண்ணூற்று எழுபத்திரண்டாவது ஆண்டு என்கிறான். எது மெய்?"

"அரண்மனையிலிருந்து நம் துறைமுகம் அரைக் காதம். மலையடிவாரத்திலிருந்து மூன்று காதம். துறைமுகம் நகரவில்லை, அரசே. புறப்பட்ட இடம்தான் வேறு."

மன்னர் தலையாட்டினார். காரியம் கெடுகிறதே என்று அமைச்சர் துள்ளி எழுந்தார்.

"அரசே, முப்பது ஆண்டுகளாக இந்த அவையில் இருக்கிறேன். இப்படியொரு திமிரை நான் கண்டதில்லை."

சேந்தன் அவரருகே போய்ப் பணிவாகக் கேட்டான். "முப்பதா? கட்டைவிரலைக் கொஞ்சம் நீட்டுங்கள், அமைச்சரே."

அமைச்சர் இரண்டு கைகளையும் சட்டென்று மேலாடைக்குள் ஒளித்துக்கொண்டார். அதைக் கண்ட மன்னர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆணையை ரத்து செய்து, தம் ஆட்சியாண்டோடு சேர்த்து நான்கு கணக்கையும் கல்லில் பொறிக்கச் சொன்னார். தம் முத்துமாலையைக் கழற்றிச் சேந்தனுக்குப் போட்டார். அந்துவன் தன் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதான்.