படத்தில் உள்ளபடி

குற்றவாளி நான்தான் என்று எங்கள் வீட்டில் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார்கள். அப்பீலுக்கு உங்களிடம் வந்திருக்கிறேன். முழுதாகக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

நாமக்கல்லில் மூன்று பேர் சேர்ந்து இணையத்தில் துடைப்பம் விற்கக் கிளம்பினார்கள். கடைக்குப் பெயர் சுத்தபத்தம். முதலாளி சென்னியப்பன், என் அக்காவின் கணவர், எனக்கு மச்சான். படம் எடுப்பது லோகு. வாடிக்கையாளர்களிடம் ஃபோனில் பேசுவது நடேசன். மூன்று பேரும் நல்லவர்கள். பிரச்சினையே அதுதான். கொஞ்சம் கெட்டவர்களாக இருந்திருந்தால் கடை ஒழுங்காக நடந்திருக்கும்.

நான் கோயம்புத்தூரில் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படிக்கிறேன். வலைத்தளம் செய்து கொடுத்தது நான். கடை திறந்த அன்று ஃபோனில் ஒரே ஒரு அறிவுரை சொன்னேன். "மச்சான், வாங்கறவங்க பொருளைத் தொட்டுப் பார்க்க முடியாது. படத்தை நம்பித்தான் வாங்கறாங்க. அதனால படத்துல என்ன இருக்கோ அதைத்தான் அனுப்பணும்."

இதில் என்ன தப்பு? உலகத்தில் எந்த நீதிமன்றத்தில் வேண்டுமானாலும் இந்த வாக்கியத்தைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். அவர்கள் இதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். தினமும் காலையில் ஊதுபத்தி காட்டினார்கள்.

முதல் நாள் ஈரோட்டிலிருந்து ஒரு அம்மா துடைப்பம் கேட்டார். படத்தில் இருந்த துடைப்பத்தை அனுப்பினார்கள். மறுநாள் கரூரிலிருந்து ஒருவர் கேட்டார். நடேசன் அவரைக் கூப்பிட்டு, "மன்னிக்கணுங்க, அது நேத்தே ஈரோட்டுக்குப் போயிருச்சுங்க" என்றார்.

மச்சானுக்கு லேசாக ஒரு சந்தேகம் வந்தது. "குடோன் நிறைய இருக்குதே நடேசா. அதே மாதிரி இன்னொண்ணை அனுப்பினா என்ன?"

"அதேங்கறது வேற, மாதிரிங்கறது வேற" என்றார் நடேசன். "நீங்க ஒரு பொண்ணைப் பாத்துட்டு வந்துட்டீங்க. மணவறையில அதே மாதிரி இன்னொரு பொண்ணைக் கொண்டாந்து உக்கார வெச்சா ஒத்துக்குவீங்களா?"

மச்சான் யோசித்தார். அவர் யோசித்த விஷயம் பிற்பாடு அக்காவின் காதுக்குப் போனது. அது தனிக் கதை.

"அப்ப ஒவ்வொரு துடைப்பத்துக்கும் ஒரு படம் எடுத்தரலாம்" என்றார் லோகு. எடுத்தார். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. குடோனில் இருந்த ஆயிரக்கணக்கான துடைப்பங்களுக்கும் தனித்தனிப் பக்கம் வந்தது. ஒவ்வொன்றின் கீழும் "ஒன்று மட்டுமே உள்ளது" என்று இருந்தது. நேர்மையாக விவரமும் எழுதினார்கள்.

"வலது பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். கூட்டும்போது தெரியாது."

"கட்டு கொஞ்சம் தளர்வு. அன்று கட்டியவருக்குக் காய்ச்சல்."

"குறை எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. இருக்கலாம்."

மார்கழி பிறந்தது. போகிக்கு முன்னால் வீட்டைச் சுத்தம் செய்யாத தமிழர் உண்டா? துடைப்பக்காரருக்கு அதுதான் தீபாவளி. எங்கள் அப்பாவும் அப்போதுதான் வாயைத் திறந்தார். அப்பாவுக்குக் கோழிப் பண்ணை இருக்கிறது. பக்கத்துத் தெருவிலேயே ஒரு மருமகன் இருக்கும்போது முட்டை பொறுக்கக் கூலிக்கு ஆள் எதற்கு என்பது அவர் கட்சி.

"மாப்பிள்ளை, போகிக்குள்ள குடோன்ல இருக்கற அத்தனை துடைப்பத்தையும் வித்துக் காட்டுங்க. நான் வாயே திறக்கல. இல்லீன்னா கடையை மூடிட்டுப் பண்ணைக்கு வந்து முட்டை பொறுக்குங்க. பொட்டப் புள்ள பேச்சைக் கேட்டு யாராவது கம்ப்யூட்டர்ல துடைப்பம் விப்பாங்களா?"

சொன்னதோடு நிற்கவில்லை. மச்சான் கால் அளவுக்கு ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்கி வந்து அக்கா வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் வலைத்தளம் படுத்தது. அத்தனை படங்களையும் அது எப்படித் தாங்கும்? முதலில் ஒரு துடைப்பம் திறப்பதற்குள் பாலைக் காய்ச்சி இறக்கிவிடலாம் என்ற நிலை. பிறகு வட்டம் மட்டும் சுற்றியது. மச்சான் எனக்கு ஃபோன் செய்தபோது நான் பரீட்சை ஹாலின் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். என்ன ஏது என்று கேட்க நேரமில்லை.

"கம்ப்யூட்டரை அணைச்சுட்டு, கொஞ்ச நேரம் கழிச்சுப் போடுங்க மச்சான்" என்று சொல்லிவிட்டு ஃபோனை அணைத்தேன்.

அணைத்தார்கள். மூன்று பேரும் அதன் எதிரே உட்கார்ந்தார்கள்.

"கொஞ்ச நேரம்னா எவ்வளவு நேரம்?" என்றார் லோகு.

"எங்க பெரியப்பா கொஞ்ச நேரம் படுத்துட்டு வர்றேன்னு உள்ள போனாரு" என்றார் நடேசன். "அப்புறம் எந்திரிக்கவே இல்ல."

"அதுக்குக் குறைச்சலாத்தான் இருக்கும்" என்றார் மச்சான்.

"நாமளா ஒரு கணக்கு வெச்சுப் போட்டுட்டா, அப்புறம் அம்மிணி சொன்ன மாதிரி செய்யலன்னு ஆயிரும்" என்றார் லோகு. அதுவும் நியாயமாகப் பட்டது. அவர்களுக்கு எல்லாமே நியாயமாகத்தான் படும். ஆகவே நான் வந்து சொல்லும்வரை போடுவதில்லை என்று முடிவானது.

அதற்குள் வாடிக்கையாளர்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். நடேசன் யாரிடமும் பொய் சொல்லவில்லை. "கம்ப்யூட்டரை அணைச்சு வெச்சிருக்கோமுங்க. அம்மிணி பரீட்சை எழுதுது. முடிச்சதும் நீங்க துடைப்பம் வாங்கிக்கலாமுங்க." பலர் திட்டினார்கள். சேலத்திலிருந்து ஒரு ரிட்டயர்டு வாத்தியார் மட்டும், "பதட்டப்படாம எழுதச் சொல்லுங்க" என்றாராம்.

பரீட்சை முடிந்து வந்து கணினியைப் போடச் சொன்னேன். போட்டார்கள். வட்டம் விட்ட இடத்திலிருந்து சுற்றியது. இடம் பற்றவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வலைத்தளத்துக்கு இடம் கொடுக்கும் கம்பெனியிடம் கூடுதல் இடம் வாங்கச் சொன்னேன். "ஒரு பக்கம் வரும் மச்சான். அடியில ஒரு கட்டம் இருக்கும். அதுல டிக் போடுங்க, அவ்வளவுதான்."

அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில், "விதிமுறைகள் அனைத்தையும் படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்" என்று எழுதியிருந்தது. இந்தப் பூமியில் இதுவரை எவராவது அதைப் படித்ததுண்டா? எழுதிய வக்கீலே படித்திருக்க மாட்டார். ஆனால் படிக்காமல் படித்தேன் என்று சொல்வது பொய் அல்லவா?

லோகு ஆங்கிலத்தில் உரக்க வாசித்தார். நடேசன் அர்த்தம் சொன்னார். மச்சான் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார். பாதி வருவதற்குள், ரொம்ப நேரமாக யாரும் இல்லையே என்று அந்தப் பக்கம் தானாக மூடிக்கொண்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள்.

"போர், பூகம்பம், கடல் கொந்தளிப்பு, இதனால நஷ்டம் வந்தா கம்பெனி பொறுப்பில்லீங்களாம்" என்றார் நடேசன்.

தலையாட்டிக்கொண்டிருந்த மச்சான் நிறுத்தினார். "நாமக்கல்லுக்குக் கடல் வருமா?"

"வராதுங்க."

"வந்துட்டா?"

"அப்பவும் அவங்க பொறுப்பில்ல. நாமதான் பாத்துக்கணும்."

"பாத்தீங்களா?" என்றார் லோகு. "படிக்காம டிக் போட்டிருந்தா கடலே நம்ம தலையில விழுந்திருக்கும்."

கடலை நீக்கினால்தான் ஒப்புக்கொள்வோம் என்று கம்பெனிக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. கடலைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

அப்பா தினமும் சாயங்காலம் கோழிகளுக்குத் தீவனம் போட்டுவிட்டு, ஃபோனில் சுத்தபத்தத்தைத் திறந்து பார்ப்பார். வட்டம் சுற்றும். புன்னகையோடு மூடி வைப்பார்.

அக்கா எனக்கு ஃபோன் செய்து அழுதாள். "இவரை முட்டை பொறுக்க விட்டா என்னாகும்னு யோசிச்சியா? ஒவ்வொரு கோழிகிட்டயும் அனுமதி கேட்டுட்டுத்தான் எடுப்பாருடீ. அந்தக் கடை ஒண்ணுதான் அவருக்குச் சந்தோசம். எப்படியாச்சும் காப்பாத்து."

அக்கா அழுதால் எனக்குக் கோபம்தான் வரும். உடனே மச்சானைக் கூப்பிட்டேன். நான் சொன்னதை அட்சரம் மாறாமல் இங்கே எழுதுகிறேன். "அத்தனை படத்தையும் தூக்கிப் போடுங்க மச்சான். மொத்தத் துடைப்பத்துக்கும் ஒரே ஒரு படம் போதும். அதுக்குக் கீழ வாங்குங்கற பட்டன் ஒண்ணு போதும். உடனே தளம் எந்திரிச்சுக்கும்."

இந்த வாக்கியத்தில் பள்ளிக்கூட மைதானம் எங்கே வருகிறது? நீங்களே சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குடோனில் இருந்த மொத்தத் துடைப்பங்களும் மைதானத்துக்குப் போயின. பள்ளிக்கூடங்களில் குரூப் போட்டோ எடுத்துப் பழகிய போட்டோகிராபர் ஒருவரையே வரவழைத்திருந்தார்கள். அத்தனையும் ஒரு படத்தில் வரவேண்டுமே, லோகுவின் ஃபோன் தாங்குமா? உயரமானவை பின்வரிசை, நடுத்தரம் நடுவரிசை, குட்டையானவை முன்னால். மணலில் அடிக்கட்டையை நட்டு, விழாமல் கயிறு கட்டினார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் மூன்று நாற்காலி போட்டு மூவரும் உட்கார்ந்தார்கள். குரூப் போட்டோ என்றால் பொறுப்பில் இருப்பவர்கள் உட்கார்ந்துதானே ஆக வேண்டும்?

அப்போதுதான் ஒரு சிக்கல் வந்தது. கடையைத் தினமும் கூட்டும் பழைய துடைப்பத்தையும் யாரோ மைதானத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள்.

"இதை எந்த வரிசையில நிறுத்தறது?" என்றார் லோகு.

"அது சரக்கில்ல லோகு" என்றார் நடேசன். "கடை திறந்த நாள்ல இருந்து நம்மகூட வேலை பாக்குது. நீ லீவு போட்டிருக்கற, நான் போட்டிருக்கறேன். அது ஒரு நாள் போட்டதில்ல."

மச்சான் எழுந்து போய் நான்காவது நாற்காலியை எடுத்து வந்து தன் பக்கத்தில் போட்டார். துடைப்பம் அதில் உட்கார்ந்தது. போட்டோகிராபர் பழக்க தோஷத்தில், "யாரும் ஆடாதீங்க" என்றார். யாரும் ஆடவில்லை.

ஒரே படம் என்பதால் தளம் சட்டென்று எழுந்துவிட்டது. ஒரு படம், ஒரு பட்டன், பழைய விலை. விலையை மாற்றச் சொல்லி யாரும் சொல்லவில்லையே.

அன்று சாயங்காலம் அப்பா தீவனம் போட்டுவிட்டு ஃபோனைத் திறந்தார். வட்டத்தைக் காணோம். பதறிவிட்டார். ஒரு துடைப்பம் கேட்டுப் பார்ப்போம், எப்படியும் வந்து சேராது, அதையே காரணமாகக் காட்டிக் கடையை மூடிவிடலாம் என்று கணக்குப் போட்டு பட்டனை அழுத்தினார்.

போகிக்கு முதல் நாள் பண்ணை வாசலில் லாரி வந்து நின்றது.

இறக்கினார்கள், இறக்கினார்கள், இறக்கிக்கொண்டே இருந்தார்கள். தீவன மூட்டை வைக்க இடமில்லை. கோழிகள் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டன. கடைசியில் மூவரும் நாலு நாற்காலியோடு இறங்கி வந்து வரிசையாகப் போட்டு உட்கார்ந்தார்கள்.

"நான் ஒண்ணுதானே கேட்டேன்" என்றார் அப்பா.

"அந்த ஒண்ணுதானுங்க மாமா இது" என்று மச்சான் படத்தைக் காட்டினார். "படத்துல உள்ளபடி இருக்குதான்னு சரிபாத்துக்குங்க."

"நீங்க எதுக்கு மாப்பிள்ளை வந்தீங்க?"

"நாங்களும் படத்துல இருக்கறோமே மாமா."

அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. ஒரு துடைப்ப விலைக்கு மருமகன் கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்? ஓடிப்போய் அக்கா வீட்டு வாசலிலிருந்த ரப்பர் பூட்ஸை எடுத்து வந்தார். மச்சான் மறுபேச்சில்லாமல் மாட்டிக்கொண்டு முட்டைகளிடம் போனார். போனவர் திரும்பி வந்தார்.

"மாமா, எந்த முட்டை எந்தக் கோழியோடதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? வாங்கறவங்க கேட்டா சொல்லணுமே."

"போடறப்பவே பக்கத்துல நின்னு பாத்துக்கணுமுங்க" என்றார் நடேசன். லோகு முதல் முட்டையை முன்பக்கம் படம் எடுத்துவிட்டு, அதற்குப் பின்பக்கம் எது என்று தேடிக்கொண்டிருந்தார்.

அப்பா குனிந்து, தன் கையாலேயே மச்சானின் காலிலிருந்து பூட்ஸைக் கழற்றினார். "நீங்க கடைக்கே போயிருங்க மாப்பிள்ளை. சரக்கு மிச்சமில்ல, சொன்ன வாக்கு வாக்குத்தான். நல்லபடியா நடத்துங்க. இங்க வந்துராதீங்க."

கடை பிழைத்தது. அக்கா சிரித்தாள். இப்போது சொல்லுங்கள், இதில் என் குற்றம் எது? ஆனாலும் அப்பா லாரிச் சரக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஃபோன் போட்டுத் திட்டுகிறார்.

அன்று சரக்கு இறக்கியதில் பண்ணை வாசல் முழுக்க ஈர்க்கும் தும்பும் கொட்டிக் கிடந்தது. புதுத் துடைப்பம் எல்லாம் கயிற்றுக் கட்டுக்குள் இருந்ததால், அப்பா பெருமூச்சு விட்டு நான்காவது நாற்காலியில் இருந்த பழைய துடைப்பத்தின் மேல் கை வைத்தார்.

மச்சான் பதறி எழுந்து அதைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டார்.

"அதை மட்டும் கேக்காதீங்க மாமா. பாவம், கடை திறந்ததுல இருந்து இன்னைக்குத்தான் அதுக்கு லீவு குடுத்திருக்கறோம்."