கண்ணோரம் ஆடிய சாமரமும் காணாமல் போன பிறையும்

முன்னொரு காலத்தில், மலைகளெல்லாம் இன்னும் கொஞ்சம் குட்டையாக இருந்தபோது என்று வைத்துக்கொள்ளுங்களேன், எட்டிமங்கலச் சீமையைக் கொழுந்தராயன் என்றொரு ராசா ஆண்டு வந்தான். தனக்குத் தும்மல் வராவிட்டால்கூட வைத்தியனைச் சிறையில் போடுகிற ஆள்.

அந்தச் சீமையில் ஒரு வழக்கம். ஆவணி மாத மூன்றாம் பிறை எங்கே நிற்கிறது என்று, ராசா உப்பரிகையில் உட்கார்ந்தபடி சபைக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கண் போனவன் என்று கிரீடம் மைத்துனனுக்குப் போய்விடும். ராசா உட்கார்ந்திருக்கும்வரை இருபக்கமும் சாமரம் வீசுவது நிற்கவும் கூடாது.

அந்தியில் ராசா மேற்கே பார்த்தான். வெறும் வானம். உற்றுப் பார்த்தான்.

"உங்களுக்கெல்லாம் தெரிகிறதா?"

"தெரிகிறது பிரபு" என்றது சபை.

"கிரீடம் கனத்தால் சொல்லுங்கள் அத்தான், வாங்கிக்கொள்கிறேன்" என்றான் மைத்துனன், தளவாய் மாறப்பன்.

மந்திரி அழகர்நம்பி குனிந்தார். "பிரபு, குதிரைக்குக் கண்பட்டை கட்டுவதுபோல இரண்டு கையையும் கண்ணோரம் வையுங்கள்."

"என்னைக் குதிரை என்கிறீரா?"

"மிரண்டது உங்கள் கண்தான் பிரபு."

ராசா கையை வைத்தான். நகத்தைக் கிள்ளிப் போட்டதுபோலப் பிறை! கையை எடுத்தான், காணோம். வைத்தான், வந்துவிட்டது.

"பனைமரத்துக்கு மேலே" என்றான், சபைக்குக் கேட்கும்படி. "மந்திரி, இது சூனியமா?"

"இல்லை பிரபு. ஓரத்தில் எது ஆடினாலும் மினுங்கினாலும் கண்ணுக்கு அங்கேதான் பராக்கு. நடுவில் பளிச்சென்று இருப்பது தப்பிக்கும், மங்கலானது முழுகிப்போகும். கண்ணாடித் துண்டு பதித்த இந்தப் புதுச் சாமரங்கள் தளவாயின் காணிக்கை."

மாறப்பனோ வானத்துக்கு முதுகைக் காட்டி நின்று, "கையை வைத்துப் பார்த்தால் செல்லாது, பாட்டன் காலத்தில் உண்டா, முப்பாட்டன் காலத்தில் உண்டா" என்று நீட்டி முழக்கினான். மந்திரி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"சரி, தளவாய் இங்கே உட்கார்ந்து கை வைக்காமல் காட்டட்டும். காட்டினால் கிரீடம் அவருக்கு, காட்டாவிட்டால் தளவாய்ப் பட்டம் போச்சு."

"யாரைக் கேட்டு ஐயா என் கிரீடத்தைத் தானம் பண்ணுகிறீர்?" ராசா கிரீடத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

மாறப்பன் அதற்குள் உட்கார்ந்துவிட்டான். சாமரங்கள் மினுங்கி ஆடின. அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் பனைமரத்தைப் பார்த்து விரலை நீட்டினான்.

"அதோ, நன்றாகத் தெரிகிறதே."

சபை மொத்தமும் மேற்கே திரும்பியது.

"நீர் முப்பாட்டனைப் பற்றிப் பேசும்போதே பிறை மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது தளவாயே" என்றார் மந்திரி.

ராசா தன் முத்துமாலையைக் கழற்றி அழகர்நம்பி கழுத்தில் போட்டான். மாறப்பன் நீட்டிய விரலை மடக்குவதற்குள் அவனுடைய தளவாய்ப் பட்டம் பறிபோயிருந்தது.