வெள்ளைக் கோட்டில் நின்றவன்

நல்ல மனுஷன் என்று பேரெடுத்த டிராஃபிக் எஸ்.ஐ. ஒருவர் இருந்தார். அதிசயம்தான், ஆனால் இருந்தார். பெயர் சிற்றம்பலம், வயது ஐம்பத்திரண்டு. மணிக்கூண்டு ஜங்ஷனில் பன்னிரண்டு வருஷமாக வெயிலில் நின்றவர்.

அந்த நல்ல பேர் எப்படி வந்தது என்று கேட்டால் சிரிப்பீர்கள். தெரிந்தவர் ஒருவர் மேலும் அவர் கேஸ் போட்டதில்லை. சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், கூடப் படித்தவனின் மகன், யாரோ போன் போட்டுச் சொன்ன ஆள், எல்லோருக்கும் ஒரே கையசைப்புதான். "போ போ, பார்த்துப் போ." மாசத்துக்கு இத்தனை கேஸ் வேண்டும் என்று மேலிடம் கேட்குமே, அதற்கு என்ன செய்வார்? முகம் தெரியாதவர்கள் இருக்கவே இருக்கிறார்கள். அவர்களிடம் மட்டும் சட்டம் முழுசாகப் பேசும்.

அவருக்கு ஒரு குரு உண்டு. ஆவுடையம்மாள். சிற்றம்பலத்தைவிடப் பதினாறு வயது சின்னவர். அரசு ஆஸ்பத்திரி விபத்துப் பிரிவில் நர்ஸாக இருந்தவர். ஒருநாள் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு ஏரிக்கரை ஓட்டுக் கட்டடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். அதிகம் பேச மாட்டார். பேசினால் ஊசி போட்ட மாதிரி இருக்கும்.

ஒரு நாள் பகல் ஒரு மணிக்குச் சிற்றம்பலம் யூனிஃபார்மோடு அங்கே வந்து நின்றார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"உக்காருங்க சார்."

"அம்மா, எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சான்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

"என்ன பார்த்தீங்க?"

"எதிர்வீட்டுப் பையன் நந்தகுமார். செண்பகம் அக்காவோட ஒரே மகன். போன மாசம் ரயில்வே பாலத்துல லாரியில அடிபட்டு செத்துப் போனான். தலைக்கு ஒண்ணும் போடல."

"சரி."

"அவன் தினமும் உச்சி வேளையில சிக்னலுக்கு வர்றான்மா."

ஆவுடையம்மாள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அந்த முகத்தைப் பார்த்துத்தான் சிற்றம்பலத்துக்கு வாய் திறந்தது.

பன்னிரண்டு பத்துக்கு வருவானாம். அந்த நேரத்தில் ஜங்ஷன் திடீரென்று காலியாகிவிடுமாம். தூரத்தில் தார் ரோடு வெயிலில் நெளியும். அதற்குள்ளிருந்து பைக் வரும். சத்தம் இருக்காது. சரியாக வெள்ளைக் கோட்டில் நிற்பான், டயர் ஒரு விரற்கடை தாண்டாது. உயிரோடு இருந்தவரைக்கும் அந்தக் கோட்டை அவன் மதித்ததே கிடையாது. ஹெல்மெட் கண்ணாடிக் கம்பியில் தொங்கும். அவன் அம்மா வாங்கித் தந்த புது ஹெல்மெட், பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காதது.

"என்ன கேக்கறான்?"



"லைசென்ஸை நீட்டி, 'கேஸ் போடுங்க சார்'ங்கறான். இருந்தப்போ மாமா மாமான்னுதான் கூப்பிடுவான். இப்போ சார்ங்கறான்."

"நீங்க?"

"திரும்பி நின்னுக்கறேன். கான்ஸ்டபிள் வேற, ஏன் சார் திரும்பிக்கிட்டீங்கன்னு கேக்கறான். அவன் கண்ணுக்கு எதுவும் தெரியல."

"உயிரோட இருந்தப்போ எத்தனை தடவை உங்ககிட்ட மாட்டினான்?"

"மூணு தடவை."

"மூணு தடவையும்?"

"போடா, பார்த்துப் போடான்னு அனுப்பி வெச்சேன். நம்ம வீட்டுப் பையனாச்சேம்மா!"



"நீங்க கேஸ் போட்டு அனுப்பினவங்க யாராச்சும் அந்தக் கோட்டுல வந்து நிக்கறாங்களா?"

சிற்றம்பலத்துக்கு ஒரு பூக்காரரின் ஞாபகம் வந்தது. முகம் தெரியாத ஆள். ஒரே வாரத்தில் இரண்டு கேஸ் வாங்கியவர். நீ நாசமாத்தான் போவே என்று நடுரோட்டில் சபித்துவிட்டுப் போனார். இப்போதும் தினமும் காலையில் அந்த வழியாகத்தான் போகிறார். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து முறைப்பார்.

"இல்லம்மா. அவங்கெல்லாம் உயிரோடதான் திட்டறாங்க."

"அந்தப் பையன் கேட்டதைக் குடுத்திருங்க."

"செத்தவனுக்கா?"

"கேக்கறது அவன்தானே?"

மறுநாள் பன்னிரண்டு பத்து. ஜங்ஷன் காலியானது. டீக்கடை ரேடியோகூட வாயை மூடிக்கொண்டது. பைக் வந்து கோட்டில் நின்றது.

"கேஸ் போடுங்க சார்."

சிற்றம்பலம் சலான் போடும் மெஷினை எடுத்தார். வண்டி நம்பரை அடித்தார். பேர் வந்தது. செத்தவர்கள் பேரை அந்த மெஷின் அழிப்பதில்லை. தலைக்கவசம் அணியாமை. பொத்தானை அழுத்தினார். சலான் கிர்ரென்று வெளியே வந்தது. அதைக் கிழித்து நீட்டினார்.

நந்தகுமார் வாங்கிக்கொள்ளவில்லை.

"வீட்டுல குடுங்க சார்."

"டேய் நந்து, வேண்டாண்டா. உங்கம்மா முகத்துல எப்படிடா முழிப்பேன்?"

"நான் வீட்டுல இல்லைல்ல. அம்மாகிட்ட குடுங்க."

அப்போதுதான் அவன் முதுகுக்குப் பின்னால் இன்னொரு வண்டி நிற்பதைச் சிற்றம்பலம் பார்த்தார். வெள்ளை ஸ்கூட்டர். அதை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். அதன்மேல் அவர் மகள் மதுரா உட்கார்ந்திருந்தாள். தலை வெறும் தலை. கண் இமைக்கவில்லை. வெயில் அவ்வளவு அடித்தும் கீழே அவள் நிழல் விழவில்லை. அவளும் லைசென்ஸை நீட்டிக்கொண்டிருந்தாள்.

 போனை எடுத்தார். மகள் எண்ணை அழுத்தினார்.

"என்னப்பா? லேப்ல இருக்கேன். கை நிறைய வேலை."

"மது... மதும்மா... நீ அங்கதான் இருக்கியா?"

"வேற எங்க இருப்பேன்? வெயில்ல நின்னு மண்டை காஞ்சு போச்சாப்பா?"

போனில் அவள் சிரித்தாள். கோட்டில் நின்ற மதுரா சிரிக்கவில்லை. வாயைத் திறந்து, மகள் குரலிலேயே, "கேஸ் போடுங்க சார்" என்றாள்.

சிற்றம்பலம் தொப்பியைக்கூட எடுக்காமல் ஏரிக்கரைக்கு ஓடினார்.

"அம்மா! என் பொண்ணு உயிரோட இருக்கா. இப்பதான் பேசினேன். அவ ஏம்மா அங்க வந்து நிக்கணும்?"

"ஹெல்மெட் போடுமா?"

"போட மாட்டா. முடி கலைஞ்சிரும்னுவா. தினமும் என் கண் முன்னாடிதான் சிக்னலைத் தாண்டுவா. டாட்டா காட்டுவா. நானும் காட்டுவேன்."

சொல்லி முடித்ததும் அவரே நின்றுபோனார்.  இத்தனை நாள் எதற்கு டாட்டா காட்டினோம் என்று அவருக்கு இப்போது புரிந்தது. புரிந்ததும் அழுகை வந்தது. ஐம்பத்திரண்டு வயது ஆள், இடுப்பில் பெல்ட்டோடு, சின்னப் பிள்ளை மாதிரி தேம்பினார்.

ஆவுடையம்மாள் தேற்றவில்லை.

"கையில என்ன?"

கசங்கிய சலான்.

"அதை முதல்ல சேர்க்க வேண்டிய இடத்துல சேர்த்துட்டு வாங்க."

"அதுமட்டும் வேண்டாம்மா. பதினாறாம் நாள் காரியத்துல அக்கா என் கையைப் புடிச்சுக்கிட்டு என்ன சொன்னாங்க தெரியுமா? 'எம்புள்ளைய ஒரு நாளும் நடுரோட்டுல நிக்க வெச்சு நீங்க அவமானப்படுத்தினதில்ல தம்பி, அந்த நன்றிய நான் மறக்க மாட்டேன்'னாங்க. அவங்ககிட்ட போய் இதை நீட்டச் சொல்றீங்களே!"

"நான் சொல்லல. அவன் சொல்லியிருக்கான்."

செண்பகம் அக்கா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். சிற்றம்பலத்தைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தார்.

"வாங்க தம்பி. காப்பி போடட்டுமா?"

"வேண்டாங்க்கா. இதைப் படிங்க."

அக்கா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"நந்து பேர் போட்டிருக்கு."

"ஆமாக்கா."

"இன்னிக்குத் தேதி போட்டிருக்கே தம்பி."

"ஆமாக்கா. இது நான் அன்னிக்கே குடுத்திருக்க வேண்டியது. மூணு தடவை என் கண்ணு முன்னாடி வெறும் தலையோட வந்தான். நிறுத்தினேன். நம்ம பையன்னு விட்டுட்டேன். நீங்க எனக்கு நன்றி சொன்னீங்க. நான் வாய மூடிக்கிட்டு வாங்கிக்கிட்டேன்."

அக்கா கத்துவார், தலையில் அடித்துக்கொள்வார் என்று சிற்றம்பலம் காத்திருந்தார். அக்கா அந்தச் சீட்டை முறத்தில் வைத்து, சுருக்கம் போக உள்ளங்கையால் நீவிவிட்டார்.

"இதை அன்னிக்கு நீங்க போட்டிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன் தெரியுமா?"

"என்னக்கா?"

"உங்க வீட்டு வாசல்ல வந்து மண்ணை வாரித் தூத்தியிருப்பேன். எதிர்வீட்டுப் புள்ளைன்னுகூடப் பார்க்கலையே பாவின்னு உங்க குடும்பத்தையே சபிச்சிருப்பேன். சாகற வரைக்கும் உங்ககூடப் பேசியிருக்க மாட்டேன்."

சிற்றம்பலம் தலையைக் குனிந்துகொண்டார்.

"தூத்த விட்டிருக்கலாமே தம்பி," என்றார் அக்கா. "நான் பாட்டுக்குத் தூத்திட்டுப் போயிருப்பேனே!"

 எழுந்து உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது. முறத்தில் உளுந்துமேல் சலான் கிடந்தது.

அன்று சாயங்காலம் ஏரிக்கரையில் சிற்றம்பலம் அக்கா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தார்.

 



"நந்து கேட்ட மாதிரி கேஸ் போட்டுட்டேன். அம்மாகிட்டயும் சேர்த்துட்டேன். இனிமே அவன் வர மாட்டான் இல்லையா?"

ஆவுடையம்மாள் விபத்துப் பிரிவில் ராத்திரியும் பகலுமாக நின்று பழகிய கால்களை நீட்டி, முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"உங்க பொண்ணு காலையில எத்தனை மணிக்கு அந்த சிக்னலைத் தாண்டும்?"

"எட்டே காலுக்கு. நடுரோட்டுல நிறுத்தினா மானம் போச்சுன்னு குதிப்பாம்மா. என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டா. அவளுக்கு என்னை விட்டா யாரும்மா இருக்கா?"

"எட்டு மணிக்கே போய் நின்னுருங்க சார்," என்றார் ஆவுடையம்மாள். "கேஸ் போடறீங்களான்னு பார்க்க அந்தப் பையன் ஏழே முக்காலுக்கே வந்து நின்னிருப்பான்."