லோர்னா கேட்ட கல்தொட்டி

இங்கிலாந்தில் வெதர்லீ என்றொரு சிற்றூர். அங்குள்ள ஆலயத்தின் குருவானவர் ரூத் அம்மாவுக்கு வயது நாற்பத்தொன்று. அவரிடம் ஊழியம் பழக வந்த சீடர் சத்தியநேசனுக்கு ஐம்பத்துமூன்று. தூத்துக்குடிப் பக்கம் நாசரேத்தில் இருபது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். எதற்கும் விடை உண்டு, தேடினால் கிடைக்கும் என்று நம்புகிற ரகம்.

மூன்று வாரமாக அவருக்குச் சரியான தூக்கமில்லை. லோர்னாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார்.

லோர்னாவின் கைக்குழந்தை நோராவுக்கு இருதயத்தில் ஓட்டை. திங்கட்கிழமை ஆபரேஷன். அதற்கு முந்தின நாள் ஞானஸ்நானம். அந்த ஆலயத்தில் எழுநூறு வருடப் பழைய கல்தொட்டி ஒன்று இருந்ததாம். அதில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை எதுவும் தவறியதில்லை என்று ஊரில் ஒரு பேச்சு. நூற்றைம்பது வருடத்துக்கு முன் இப்போதுள்ள பளிங்குத் தொட்டியை வைத்தபோது பழையது காணாமல் போயிற்று. லோர்னாவின் மூத்த பிள்ளை பென்னுக்குப் பளிங்குத் தொட்டியில்தான் ஞானஸ்நானம்; கொடுத்தவரும் ரூத் அம்மாதான். ஆறாம் மாதம் அவன் இறந்துபோனான்.

"இவளுக்கு அந்தப் பழைய தொட்டிதான் வேணும். ஒரு தடவை செஞ்ச தப்பை மறுபடி செய்ய மாட்டேன்," என்றாள் லோர்னா.

"தேடித் தர்றேம்மா," என்று சொல்லிவிட்டார் நேசன்.

பண்ணை பண்ணையாக ஏறி இறங்கினார். மாடு தண்ணீர் குடிக்கிற தொட்டிகளைத் தடவிப் பார்த்தார். பூந்தொட்டிகளில் மண்ணைக் கிளறி வீட்டுக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஒன்றும் கிடைக்கவில்லை.

ஞாயிறு காலை ஆராதனை முடிந்தது. லோர்னா வர இன்னும் அரை மணி நேரம்தான்.

"அம்மா, அந்தத் தொட்டி எங்கதான் போச்சு? உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்." ரூத் பளிங்குத் தொட்டியின் அடியைக் காட்டினார். "இதுக்குக் கீழ. பழசை வெளிய வீச மாட்டாங்க. உடைச்சு, புதுசு வைக்கிற இடத்துலேயே புதைச்சிடுவாங்க. அப்போ இருந்த குருவானவர் பதிவேட்டுல எழுதிவச்சிருக்கார்."

நேசனுக்குக் கோபமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன.

"மூணு வாரமா நாயா அலைஞ்சேனே! ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

ரூத் பளிங்குத் தொட்டியின் மூடியை எடுத்து ஓரமாக வைத்தார்.

நேசன் குனிந்து தொட்டியின் துவாரத்தைப் பார்த்தார். ஞானஸ்நானத் தண்ணீரைச் சாக்கடையில் விடுவதில்லை. அந்தத் துவாரம் வழியாக நேரே மண்ணுக்குள் இறங்கிவிடும். வாத்தியாரின் மூளை சட்டென்று கூட்டிப் பார்த்தது.

"அப்போ இதுல ஊத்துற தண்ணி அந்தக் கல்லு மேலதான் விழுது! போதும்மா. லோர்னா வந்ததும் சொல்லிடுறேன். அவ மனசு ஆறிடும்."

"சொல்லுங்க," என்றார் ரூத். "பென்னுக்கு ஊத்துன தண்ணி எங்க போச்சுன்னு கேப்பா."

நேசன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"பின்ன அவகிட்ட என்னதான் சொல்றது?"

ரூத் உள்ளறைக்குப் போய்க் கெட்டிலைப் போட்டார். டீ குடிக்கிற நேரமா இது என்று நேசனுக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் ரூத் வெந்நீரைக் கூஜாவில் ஊற்றி, பச்சைத் தண்ணீர் விட்டு விளாவி எடுத்துக்கொண்டு வந்தார்.

அதற்குள் லோர்னா வந்துவிட்டாள். பிள்ளையை மார்போடு இறுக்கிப் பிடித்திருந்தாள். நேராக நேசனைப் பார்த்தாள்.

"கிடைச்சுதா?"

நேசன் தலையைக் குனிந்துகொண்டார். லோர்னாவின் முகம் வெளிறியது.

"அப்போ இவளும்..." என்றாள்.

ரூத் கூஜாத் தண்ணீரைப் பளிங்குத் தொட்டியில் ஊற்றினார்.

"லோர்னா, பிள்ளைக்குச் சூடு சரியா இருக்கான்னு பாரு."

லோர்னா பிள்ளையை ஒரு தோளுக்கு மாற்றி, சட்டைக்கையை மேலே தள்ளி, முழங்கையைத் தண்ணீரில் விட்டாள். தினமும் குளிப்பாட்டும்போது பார்க்கிற மாதிரியே பார்த்தாள். கையை உடனே எடுக்கவில்லை.

"சரியா இருக்கு," என்றாள். பிறகு மெல்லக் கேட்டாள். "பென்னுக்கு? அன்னைக்குத் தண்ணி..."

"அன்னைக்கும் சரியாத்தான் இருந்துச்சும்மா," என்றார் ரூத். "நீதானே கைய வச்சுப் பாத்துச் சொன்னே."