உட்கரு இல்லாத தம்பி

அல்லிக்குளத்தின் அடியில், அழுகிய இலைகளுக்கு நடுவே, நெளியன் என்ற அமீபா தனியாக வாழ்ந்தது. அதன் உடம்பு முழுவதும் ஒரே ஒரு செல். கை இல்லை, காது இல்லை, வாய்கூட இல்லை. ஆனாலும் பேச்சுத்துணைக்கு ஆள் இல்லையே என்ற குறை மட்டும் அதற்குப் பெரிதாக இருந்தது.

"எனக்கு ஒரு தம்பி வேண்டும்" என்றது நெளியன்.

அமீபாவுக்குத் தம்பி வர ஒரே வழிதான் உண்டு. அதன் உடம்பு இரண்டாகப் பிரிய வேண்டும். அதற்கும் ஒரு முறை இருக்கிறது. நடுவில் இருக்கும் உட்கருவிடம் ஓர் ஏடு உண்டு. உயிர் நடத்தும் வழியெல்லாம் அதில்தான் எழுதியிருக்கும். உட்கரு முதலில் அதற்கு இன்னொரு படி எழுதும். பிறகு தானும் இரண்டாகும். கடைசியாகத்தான் உடம்பு பிரியும்.

"பாதி எழுதிவிட்டேன். நாளை வரை பொறு" என்றது உட்கரு.

நெளியனுக்கு ஏது பொறுமை?

"சவ்வு சுற்றி நின்று காவல் காக்கிறது. மைட்டோகாண்ட்ரியாக்கள் எனக்குத் தெம்பு தருகின்றன. நுண்குமிழ் ஓயாமல் தண்ணீரை இறைத்து வெளியே கொட்டுகிறது. அது நின்றால் நான் ஊதி வெடித்துவிடுவேன். நீ என்ன செய்கிறாய்? சும்மா உட்கார்ந்திருக்கிறாய்!"

"அவர்கள் செய்வதெல்லாம் இந்த ஏட்டில் உள்ளபடிதான்" என்றது உட்கரு. மறுபடியும் எழுத ஆரம்பித்தது.

இதை ஒரு தட்டைப்புழு கேட்டுக்கொண்டிருந்தது. செத்ததும் சாகப்போவதும்தான் அதற்கு விருப்பமான இரை. சத்தமில்லாமல் வழுக்கி அருகில் வந்தது.

"தம்பிக்காகவா காத்திருக்கிறாய்? போன மாதம் ஒரு நண்டு என்னை இரண்டாக வெட்டியது. இரண்டு துண்டும் பிழைத்துக்கொண்டன. அதோ, அந்த இலைக்கு அடியில் போவதும் நான்தான்."

புழு பொய் சொல்லவில்லை. ஆனால் தன் உடம்பில் ஆயிரம் ஆயிரம் செல்கள் இருப்பதையும், ஒவ்வொன்றிலும் உட்கரு இருப்பதையும் அது சொல்லவில்லை.

நெளியன் ஒரு மணல் துகளின் கூரான விளிம்பில் தன்னை வைத்து இழுத்தது. உடம்பு இரண்டாக அறுந்தது. உட்கரு நெளியனிடமே நின்றுவிட்டது. நுண்குமிழ் மறுபாதியோடு போனது; நெளியனுக்கு உட்கருவின் ஏட்டில் உள்ளபடி புதிது ஒன்று உருவானது. அறுந்த இடத்தை இரண்டு பக்கமும் சவ்வு மூடிக்கொண்டது.

மறுபாதி மெல்ல அசைந்து, உடம்பிலிருந்தே புடைத்த ஒரு போலிக்காலை நீட்டியது.

"அண்ணா" என்றது.

நெளியனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இருவரும் சேர்ந்து ஊர்ந்தார்கள். எதிரே நீந்தி வந்த பாரமீசியம் என்ற குட்டி உயிரைத் தம்பி அப்படியே விழுங்கியது.

மறுநாள் நெளியன் கேட்டது: "வயிறு நிறைந்ததா?"

"அண்ணா."

"இந்தக் குளம் உனக்குப் பிடித்திருக்கிறதா?"

"அண்ணா."

அப்போது தம்பியின் உடம்புக்குள்ளிருந்து வேறு ஒரு குரல் வந்தது.

"என்னை வெளியே விடுங்கள்."

நெளியன் தம்பியைத் தொட்டுப் பார்த்தது. உள்ளே பாரமீசியம் உயிரோடு சுற்றிச் சுற்றி நீந்திக்கொண்டிருந்தது.

"நேற்று விழுங்கினான். இன்னும் செரிக்கவில்லை" என்றது பாரமீசியம். "இங்கே எல்லாரும் பழைய வேலையையே செய்துகொண்டிருக்கிறார்கள். செரிக்கும் சாறு தீர்ந்துவிட்டது. புதிதாகச் செய்ய ஒருவருக்கும் தெரியவில்லை. யாரைக் கேட்டாலும் நடுவைக் காட்டுகிறார்கள். நடுவில் யாருமே இல்லை."

நெளியன் தன் உட்கருவிடம் கெஞ்சியது. "அவனுக்கு ஒரு படி கொடுத்துவிடு."

"இப்போதுதான் எழுதி முடித்தேன்" என்றது உட்கரு. "ஆனால் அவன் சவ்வு மூடிவிட்டதே. எந்த வழியாக அனுப்புவேன்?"

தட்டைப்புழு மறுபடியும் வந்தது. தம்பியின் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

"எதற்கு வந்தாய்?" என்றது நெளியன்.

"சும்மாதான். எனக்குப் பொறுமை உண்டு" என்றது புழு.

நான்காம் நாள் தம்பியின் நுண்குமிழ் தண்ணீர் இறைப்பதை நிறுத்தியது. உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக ஊதியது. "அண்ணா, அண்ணா" என்று அதே குரலில், அதே இடைவெளியில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. பிறகு வெடித்தது. பாரமீசியம் திரும்பிப் பார்க்காமல் ஓடிப்போனது. மிச்சத்தைத் தட்டைப்புழு நிதானமாக உறிஞ்சிக் குடித்தது.

சில நாள் கழித்து, முறைப்படி உட்கரு இரண்டானது. உடம்பும் பிரிந்தது. புதுத் தம்பி முதல் வேலையாக அந்தக் கூரான மணல் துகளைத் தடவிப் பார்த்தது. அதில் முதல் தம்பி அறுந்தபோது சிக்கிய ஒரு கிழிந்த சவ்வு ஒட்டியிருந்தது.

"அண்ணா, எனக்கு முன்னால் இங்கே இருந்தது யார்?" என்று கேட்டது.

நெளியன் ஒரு போலிக்காலை நீட்டி அந்தச் சவ்வை மெல்ல மூடியது.

ஓடியாடி உழைப்பவர்களை மட்டும் மதித்து, உள்ளே அமைதியாக இருந்து வழிகாட்டுபவரைச் சோம்பேறி என்று ஒதுக்கக் கூடாது. அவர் இல்லாத உடம்பு சில நாள் நடமாடும், ஆனால் வாழாது.