தட்டாத கை

ஞாயிற்றுக்கிழமை நடந்த பயிற்சிப் போட்டியில் ஜெர்லினின் முழங்கை மூட்டு விலகியது. செவ்வாய்க்கிழமை மாலைக்குள் சந்தனகுமார் இருபத்தொரு விதிகளை எழுதி முடித்துவிட்டான்.

அவன் சுபாவம் அது. எதையும் எழுதி வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி அவனுக்கு. தூத்துக்குடியில் ஒரு பழைய உப்புக் கிடங்கில் நடக்கும் அந்த ஜூடோ கிளப்பில் பதினொரு வயதில் சேர்ந்தவன், இருபத்தாறு வயதில் அங்கேயே உதவிப் பயிற்சியாளர். வருகைப் பதிவு, பெல்ட் பட்டியல், யார் என்றைக்கு மெத்தை துடைக்க வேண்டும் என்கிற முறை, எல்லாம் அவன் கையெழுத்துதான். நல்ல பிள்ளை. கொஞ்சம் அதிகமாகவே நல்ல பிள்ளை.

விதிகளை ஒரு வெள்ளைப் பலகையில் எழுதிக் கொண்டுவந்து சொர்ணத்தின் முன்னால் சாய்த்து வைத்தான். கிளப்பை நடத்துகிறவர் சொர்ணம். ஐம்பத்தெட்டு வயது. பிள்ளைகளும் சரி, பெற்றோரும் சரி, அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மெத்தை ஓரத்தில் உட்கார்ந்து ஒரு ஜூடோ சட்டையின் கிழிந்த கழுத்துப் பட்டையைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"வாசி," என்றார்.

"மாணவர்களுக்கு ஒம்பது, மாஸ்டர். பெற்றோருக்கு எட்டு. பயிற்சியாளருக்கு மூணு. நடுவருக்கு ஒண்ணு."

"மாணவர்களுக்கு என்ன?"

"நேரத்துக்கு வரணும். வணங்கிட்டுத்தான் மெத்தையில ஏறணும். நகம் வெட்டியிருக்கணும்..."

"நகம் நல்ல விதி. பெற்றோருக்கு என்னல எட்டு?"

"மெத்தைப் பக்கம் செருப்போட வரக் கூடாது. எதிராளிப் பிள்ளையத் திட்டக் கூடாது. ஓரத்துல நின்னு கத்தக் கூடாது. கத்தினா வெளிய அனுப்பணும். எல்லாம் கில்பர்ட் அண்ணன நெனச்சு எழுதுனதுதான்."

கில்பர்ட், ஜெர்லினின் அப்பா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ஞாயிறன்று எதிரே ஆடிய பெண் ஜெர்லினின் கையைப் பூட்டி இழுத்தபோது, "தட்டாத பிள்ள, தட்டாத!" என்று கிடங்கே அதிரும்படி கத்தியவர் அவர்தான். ஜூடோவில் வலி தாங்கவில்லை என்றால் மெத்தையிலோ எதிராளியின் மேலோ இரண்டு தட்டு தட்டினால் போதும். பிடித்தவர் உடனே விட்டுவிட வேண்டும். முதல் நாள் வகுப்பிலேயே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். ஜெர்லின் தட்டவில்லை.

"அவர் நேத்து வந்தார்," என்றார் சொர்ணம். "இங்கனதான் உக்காந்து அழுதார். எம் வாயாலேயே எம் பிள்ள கையப் போக்கிட்டனேன்னு."

சந்தனகுமாரின் குரல் இறங்கியது. "பாவம்தான். ஆனா விதி இருக்கட்டும், மாஸ்டர்."

"இருக்கட்டும். வேணும்தான். ஜெர்லினப் பாத்தியா?"

"பாத்தேன். ஆறு வாரம் கட்டு. இனிமே வரமாட்டாளாம்."

"ஏனாம்?"

அவன் பலகையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "தப்பு தன்னோடதுதானாம். தட்டத் தெரியாதவளுக்கு இங்க என்ன வேலைன்னு கேக்கா."

"தப்பு அவளோடதுன்னு யார் சொன்னது?"

"நாந்தான். ஆஸ்பத்திரிக்குப் போற ஆட்டோல வச்சு. நீ தட்டியிருக்கணும்லான்னேன். அது நெசந்தான, மாஸ்டர்?"

"நெசந்தான்."

பதினாறு வயதுப் பெண். கையை மடியில் ஏந்திக்கொண்டு, ஆட்டோ குலுங்கக் குலுங்க, அதையும் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். நினைத்தாலே மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் சந்தனகுமார் அதைக் கோபத்தில் சொல்லவில்லை. அவன் அவளைவிடப் பயந்து போயிருந்தான், பாவம். கைக்கு அகப்பட்டது விதி ஒன்றுதான்.

சொர்ணம் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"நடுவருக்கு ஒரே ஒரு விதின்ன. அது என்னது?"

"தட்டினா ஒடனே நிறுத்தணும்."

"ஞாயித்துக்கெழம நடுவர் யாரு?"

"நாந்தான்." அவன் அவசரமாகத் தொடர்ந்தான். "கவனமாத்தான் நின்னேன், மாஸ்டர். குனிஞ்சு பக்கத்துலயே நின்னேன். அவ கையில இருந்து கண்ண எடுக்கல. விரல் அசைஞ்சிருந்தாக்கூட நிறுத்தியிருப்பேன். அவ தட்டவே இல்ல."

சொர்ணம் ஊசியில் புது நூலைக் கோத்தார்.

"நான் என்ன செஞ்சிருக்கணும்? அத மட்டும் சொல்லுங்க. ரெண்டு நாளா தூக்கம் இல்ல."

சொர்ணம் ஊசியைச் சட்டையில் குத்தி வைத்துவிட்டு எழுந்தார். மெத்தைமேல் ஏறி வணங்கினார். அவனும் வணங்கினான். அவர் மல்லாந்து படுத்து வலது கையை நீட்டினார்.

"பூட்டு."

"ஒங்களுக்கு அந்த முழங்கை ஏற்கெனவே அடிபட்டது, மாஸ்டர்..."

"பூட்டுல."

அவன் பக்கத்தில் உட்கார்ந்து, கால்களை அவருக்குக் குறுக்கே போட்டு, கையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தான். மெதுவாகப் பின்னால் சாய்ந்தான். கை நேரானது.

அவருடைய இடது கை மெத்தையில் விரிந்து கிடந்தது. அசையவில்லை.

"தட்டுங்க, மாஸ்டர்."

அவர் தட்டவில்லை. அவன் இன்னும் ஒரு விரற்கடை சாய்ந்தான். பயிற்சி நேரத்தில் இதற்குள் எந்தப் பிள்ளையும் தட்டியிருக்கும்.

"மாஸ்டர், தட்டுங்க!"

இடது கை அப்படியே கிடந்தது. சந்தனகுமார் பிடியைப் பட்டென்று விட்டுவிட்டு, எழுந்து மண்டிபோட்டு உட்கார்ந்தான். மூச்சு வாங்கியது, ஏதோ அவன் கையைத்தான் யாரோ பூட்டியிருந்த மாதிரி.

சொர்ணம் முழங்கையைத் தேய்த்துக்கொண்டே எழுந்து உட்கார்ந்தார்.

"நான் தட்டலையே. ஏன் விட்ட?"

"விடலன்னா கை போயிருக்கும்."

"அது ஒனக்கு எப்படித் தெரியும்?"

"ஒங்க மொகத்தப் பாத்தேன்."

"ஞாயித்துக்கெழம?"

சந்தனகுமார் ஞாயிறன்று தான் குனிந்து நின்ற இடத்தைத் திரும்பிப் பார்த்தான். வெளியே ஒரு உப்பு லாரி பின்பக்கமாக வந்து நின்றது. அதன் சத்தம் அடங்கிய பிறகுதான் பேசினான்.

"அவ கையப் பாத்துக்கிட்டு நின்னேன், மாஸ்டர்."

அவன் கண் கலங்கிவிட்டது. சொர்ணம் அதைப் பார்த்தார். பார்க்காத மாதிரி பலகைப் பக்கம் திரும்பினார்.

"இதுல எடம் இருக்கா?"

"கீழ கொஞ்சம் இருக்கு."

"என் கைய இப்ப ஏன் விட்டியோ, அத எழுது. கீழ வேண்டாம். மேல எழுது."

"மேல தலைப்பு இருக்கு. 'அனைவரும் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்குகள்'னு."

"அத அழிச்சிரு."

அவன் தலைப்பை உள்ளங்கையால் துடைத்தான். அந்த இடத்தில், 'தட்டாவிட்டாலும், முகத்தைப் பார்த்து நடுவர் நிறுத்த வேண்டும்' என்று எழுதினான். பலகையைத் தூக்கிக்கொண்டு சுவரில் ஆணி தேடினான்.

"வாசல்ல மாட்டவா, மாஸ்டர்? இல்ல, பெற்றோர் உக்கார்ற பக்கமா?"

சொர்ணம் மறுபடியும் ஊசியைக் கையில் எடுத்திருந்தார்.

"இங்க மாட்டாத. ஜெர்லின் வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. மொதல்ல அவ வாசிக்கட்டும்."