இரண்டாவது கிண்ணம்

எம்பெருமான் திருவருளால் மருதவாண ஜமீன்தாருக்குச் செல்வங்கள் யாவும் வாய்த்திருந்தன. கூடவே நீரிழிவும் வாய்த்தது. வைத்தியர் இனிப்பை விலக்கியதும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. கூடத்து அலமாரியைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகியபடி சமையற்காரி செங்கமலத்தை அழைத்தார்.

"சர்க்கரை, வெல்லம், தேன் எதுவும் கூடாது. ஆனால் பாயசம் இனிக்க வேண்டும். தவறினால் இன்றே மூட்டை கட்டு!"

அவள் பாலைச் சுண்டக் காய்ச்சி, பாதாம் அரைத்துச் சேர்த்து, ஏலம் தூவிக் கொண்டுவந்தாள். ஜமீன்தார் ஒரு வாய் பருகிச் சீறினார்.

"சப்பென்று இருக்கிறது!"

உடனிருந்த வைத்தியரும் சுவைத்தார். "இதமாக இனிக்கிறதே!"

"என் நாக்கு பொய் சொல்லுமா? வெளியே போடி!"

"போகிறேன், எஜமான். இந்த இரண்டாவது கிண்ணத்தையும் ஒரு துளி பார்த்துவிடுங்கள்."

பார்த்தார். "இதுவும் அதே சப்புத்தான்!"

அதைச் சுவைத்த வைத்தியர் முகம் சுளித்தார். "அப்பப்பா, திகட்டுகிறதே!"

"அது வேலையாட்களுக்குச் சர்க்கரை கொட்டிச் செய்தது, சுவாமி. சற்றுமுன் அல்வா தின்ற நாக்குக்குத்தான் அது சப்பென்றிருக்கும்" என்றாள் செங்கமலம் வைத்தியரிடம் பணிவாக.

ஜமீன்தாரின் கை தானாகவே இடுப்பிலிருந்த அலமாரிச் சாவியை மூடியது.

வைத்தியர் கையை நீட்டினார். "சாவியை எடுங்கள். இனி அது செங்கமலத்திடம் இருக்கட்டும்."